பூதப் பாட்டு

அவரை நான் முதன்முதலில் கண்டது குப்பை பொறுக்கும்போது. வசந்தம் வந்தால், ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கிற எல்லோரும் ஒருநாள் கீழே இறங்கி, பனிக்கு அடியில் கிடந்த குப்பையைப் பொறுக்கி, செடிகளுக்கு மண் போட்டு, கடைசியில் சேர்ந்து நின்று கோப்பி குடிக்கவேண்டும். டுக்நாட் என்பார்கள். வராதவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அடுத்த வருடம்வரை பார்க்கிற பார்வையில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அன்று கழுத்தில் பட்டுத்துணி சுற்றிய ஒரு வயசாளி, ஒரு சிகரெட் கட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, பூவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைப் பைக்குள் போடுங்கள், நேரம் போகிறது என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவர் போட்டார். போட்டுவிட்டு, நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டை இன்னொரு தடவை பாட முடியுமா என்று கேட்டார்.

அது அடுத்த கிழமை ஒரு பிள்ளையின் நடன அரங்கேற்றத்துக்கு நான் பாடவேண்டிய தில்லானா. பகலில் எனக்குச் சிறுவர் பள்ளியில் வேலை. சனி ஞாயிறுகளில் அரங்கேற்றங்களுக்குப் பாட்டு. ஒஸ்லோவில் பெண்பிள்ளை பெற்ற தமிழ் வீடு ஒவ்வொன்றும் ஒரு அரங்கேற்றம் பார்க்காமல் ஓயாது என்பதால் பாட்டுக்கு எனக்குக் குறைவே இருந்ததில்லை. அவர் ஸ்பெயின்காரர், இசை நாடகங்களுக்கு மெட்டுப் போடுகிறவர், எங்கள் கட்டிடத்திலேயே முதல் மாடியில் இருக்கிறவர் என்பதெல்லாம் அன்று கோப்பி குடிக்கும்போதுதான் தெரிந்தது. அவருடைய நோர்வேஜிய மொழி ஓட்டை வண்டி. இங்கே நான் அதைத் திருத்தித் தமிழில் எழுதுகிறேன். அந்த உதவியையாவது அவருக்குச் செய்துவிட்டுப் போகிறேன்.

அவருடைய கதையைப் பல பின்னேரங்களில் அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு சிறிய ஊர். அந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒரு வாத்தியக் குழு இருக்குமாம். பேக்கரியில் பாண் போடுகிறவரும் சப்பாத்துத் தைக்கிறவரும் வேலை முடிந்ததும் குழல் ஊதப் போவார்களாம். இவருடைய தகப்பன் கிளாரினெட் வாசித்த முடிதிருத்துபவர். மீசை அரும்புகிற வயதில் இவர் மட்ரிட்டுக்குப் போய், ஒரு நாடகக் கொட்டகையில் ஒத்திகைக்குப் பியானோ வாசிக்கச் சேர்ந்தார். பாதி பேச்சும் பாதி பாட்டுமாக அந்த நாட்டுக்கே உரிய ஒரு பழைய நாடக வகை உண்டு, சார்சுவேலா என்று பெயர். தையல்காரி, தண்ணீர் விற்கிறவன், பொலிஸ்காரன், இவர்கள்தான் அதில் கதாநாயகர்கள். அப்போது சர்வாதிகாரியின் காலம், ஒவ்வொரு பாட்டும் தணிக்கைக்குப் போய் வரவேண்டும். மெட்டைத் தணிக்கை செய்யத் தெரிந்தவன் அந்தக் கந்தோரில் இல்லாததால்தான் தான் பிழைத்ததாகச் சொல்வார்.

சர்வாதிகாரி செத்த பிறகு, சலவைக்காரிகளைப் பற்றி இவர் போட்ட ஒரு நாடகம் ஓடு ஓடென்று ஓடியிருக்கிறது. அதில் வரும் ஒரு பாட்டைக் கலியாண வீடுகளில் இன்றைக்கும் பாடுவார்களாம். பிறகு சனம் வெளிநாட்டு இசை நாடகங்களின் பக்கம் போய்விட்டது. இவருடைய அடுத்த நாடகங்கள் விழுந்தன. விடுமுறைக்கு வந்த ஒரு நோர்வேஜியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டார். "மட்ரிட்டில் என்னைத் தெருவில் மறித்துக் கை கொடுப்பார்கள். இங்கே என்னை மறிப்பது பனி மட்டும்தான்" என்பார். நான் சிரிப்பேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதை மறைத்து என்ன பயன்.

அப்படி இருந்தவருக்கு முதுமையில் ஒரு வாய்ப்பு வந்தது. நகரத்தில் ஒரு நாடகக் குழு, வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் கடலுக்குப் போன ஆண்களுக்காகக் காத்திருக்கும் பெண்களைப் பற்றி ஒரு இசை நாடகம் போட நினைத்தது. மெட்டுப் போட இவரைக் கேட்டார்கள். இவர் என் கதவைத் தட்டினார்.

அவருடைய ஆட்கள் வேலை செய்கிற முறை இதுதான். முதலில் மெட்டு. பாட்டு எழுதுகிறவருக்கு மெட்டை மட்டும் கொடுத்தால், எங்கே அழுத்தம், எங்கே வாய் திறக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் இசையமைப்பாளரே வாய்க்கு வந்த சொற்களை மெட்டில் வைத்துப் பாடி அனுப்புவார். 'பூனைக்குப் பல்லுவலி, பூசணிக்காய் கல்யாணம்' என்ற மாதிரி எந்த அர்த்தமும் வேண்டாம், அளவு சரியாக இருந்தால் போதும். அந்தப் பொய் வரிகளுக்கு அவர்களுடைய மொழியில் மொன்ஸ்த்ருவோ என்று பெயர், பூதம். உண்மையான வரிகள் வந்தவுடன் பூதத்தைக் கொன்றுவிடுவார்கள். இவருக்கோ குரல் போய்விட்டது, பாடினால் கதவு கிரீச்சிடும். நான் எந்த மெட்டையும் ஒருமுறை கேட்டால் ச ரி க மவில் திருப்பிப் பாடிவிடுவேன். "ச ரி க ம வேண்டாம். சொல் வேண்டும். உன்னுடைய மொழியில் ஏதாவது பாடு, அது நன்றாக வாய் திறக்கிற மொழி" என்றார்.

பாடினேன். சிறுவர் பள்ளியில் மத்தியானம் என்ன சாப்பாடு, சுரங்க ரயில் ஏன் பிந்தியது, எந்தக் கடையில் மரவள்ளிக்கிழங்கு வந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் பாடினேன். அவர் அதை ஒலிநாடாவில் பதிந்து பாட்டு எழுதுகிறவருக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் அந்த மெட்டுக்கு நல்ல நோர்வேஜிய வரிகள் வந்து சேரும், என் மரவள்ளிக்கிழங்கு செத்துப்போகும். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் பாடியதில்லை.

அந்த நாட்களில்தான் அவர் தன் முதல் மனைவியின் கதையைச் சொன்னார். அவள் பாடகி. ஒருநாள் வீட்டில் சண்டையில் அவள் கத்திய வார்த்தைகளை இவர் ஒரு மெட்டுக்குப் பூதமாக வைத்திருக்கிறார். அது அளவாகப் பொருந்திவிட்டதால் கொல்ல மனம் வரவில்லையாம். மேடையில் இன்னொருத்தி அதைப் பாட, மனைவி திரைக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, ஒப்பனையோடேயே தெருவில் இறங்கிப் போனவள் திரும்பவில்லை. அதுதான் கலியாண வீடுகளில் பாடுகிற பாட்டு என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். நம்ப நட, நம்பி நடவாதே என்று எங்கள் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்.

இனி என் கதை. அந்த வருடங்களில் நாட்டின் வடக்கு முனையில், ஹம்மர்பெஸ்டில் பெரிய எரிவாயு ஆலை கட்டினார்கள். என் கணவர் அங்கே வேலைக்குப் போனார். முதலில் இரண்டு கிழமைக்கு ஒருதரம் வந்தார், பிறகு மாதத்துக்கு ஒருதரம், பிறகு தொலைபேசி. கடைசியாக அந்தத் தொலைபேசியில், தான் அங்கே வேறு ஒருத்தியோடு இருப்பதாகவும் இனி வரப்போவதில்லை என்றும் சொன்னார். குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை. ரயில் நேரம் சொல்வதுபோல் சொன்னார்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவரை எனக்குப் பார்த்துக் கட்டிவைத்தது அம்மா. அப்பா காலமான பிறகு தனி ஆளாக நின்று, சாதகம் பார்த்து, விசாரித்து, பத்து வீடு ஏறி இறங்கிக் கொண்டுவந்த மாப்பிள்ளை. கோயிலில் யாரைக் கண்டாலும் "எங்கடை மருமோன் தங்கக்கம்பி" என்பதுதான் அம்மாவின் முதல் வசனம். அம்மா எங்களுக்கு எதிர்க் கட்டிடத்தில் இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்பார்.

"என்ன பிள்ளை, அவர் எப்ப வாறாராம்?"

"இருட்டுக் காலம் முடியட்டாம் அம்மா. பிளைட்டுகள் ஒழுங்கா இல்லையாம்."

"வெயில் காலத்திலையும் உதைத்தானே சொன்னனி."

"அப்ப ஓவர்டைம்."

இந்தப் பொய்யை வாழ்நாள் முழுக்க இழுக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: வேறு எவரும் அறியும் முன் அம்மாவுக்கு நான் சொல்லவேண்டும். என் வாயால், அவருடைய குசினியில், அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு. ஊரார் சொல்லி அவர் அறியக்கூடாது. கோடை விடுமுறைக்குச் சிறுவர் பள்ளி பூட்டியதும், ஒரு கிழமை அம்மாவோடு போய்த் தங்கி, ஆறுதலாகச் சொல்லுவது என்று முடிவு எடுத்திருந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் ஸ்பெயின்காரர் ஒரு புது மெட்டை வாசித்தார். காத்திருந்து அலுத்த பெண் தனியே பாடுகிற இடம். நான் வாயைத் திறந்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

"வாறன் எண்டு போனவர், வடக்கை நிண்டு போனார். ஹம்மர்பெஸ்டில் வேலை எண்டன், வேலை இல்லை, வேறை வீடு. அம்மா கேட்டா என்ன சொல்ல, அம்மா கேட்டா என்ன சொல்ல."

ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. பாடி முடித்ததும் அவர் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டு, கடைசி வரியில் உன் குரல் ஏன் இறங்கியது என்று கேட்டார். மெட்டில் அது இறங்கவில்லையாம். நான் அழுதுவிட்டேன். அந்த வரிகளின் அர்த்தத்தை அப்படியே அவருக்குச் சொன்னேன். உலகத்தில் நான் அதைச் சொன்ன முதல் ஆள் அவர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவருக்கும் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதே. பூதம் எப்போதும் சாகும்" என்றார். அந்தக் கண்ணீர் பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு ஒத்திகைகள் நகரத்தில் நடந்தன, நான் போகவில்லை. கோடை விடுமுறைக்கு முன்னமே, நாடகம் மேடையேற ஒரு கிழமை இருக்கும்போது அவர் வந்து நுழைவுச்சீட்டுகளைக் கையில் வைத்தார். "உனக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன். அம்மாவையும் கூட்டி வா" என்றார். நிகழ்ச்சிக் கையேட்டில் எனக்கு நன்றி சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அம்மாவுக்குச் சொன்னபோது அவர் பச்சைக் காஞ்சிபுரத்தை எடுத்து மினுக்கினார். லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போன ஒரு அன்ரி, கோயிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறவர், தன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு வந்தார். மண்டபத்தில் இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஸ்பெயின்காரர் தமிழ் ஆட்களுக்கென்றே சீட்டுக் கொடுத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாம் பாதியில் அந்த மெட்டு வந்தது. முகப்பு இசையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நோர்வேஜிய வரிகள் எப்படி வந்திருக்கின்றனவோ பார்ப்போம் என்று ஆவலாக நிமிர்ந்து இருந்தேன். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மஞ்சள் தலைமுடிப் பெண் ஒருத்தி முன்னுக்கு வந்து நின்று பாடினாள்.

"வாரன் எண்டு போனவர்..."

றகரம் அவளுக்கு வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது. என் ஒலிநாடாவைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள். நான் மூச்சு எடுத்த இடத்தில் மூச்சு எடுத்தாள், என் குரல் இறங்கிய இடத்தில் அவளும் இறங்கினாள். ஹம்மர்பெஸ்ட் என்ற சொல் வந்தபோது நோர்வேஜியர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரு பெயர் வந்த மகிழ்ச்சியில் மெல்லச் சிரித்தார்கள். எங்கள் வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஹம்மர்பெஸ்டில் யாருடைய புருசன் வேலை செய்கிறார் என்று அந்த வரிசைக்குத் தெரியும். 'அம்மா கேட்டா என்ன சொல்ல' என்பதை ஒருதரம் அவள் பாட, மறுதரம் மேடையில் இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.

பாட்டு முடிந்ததும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அம்மாவும் எழும்பினார். பக்கத்தில் எல்லோரும் நிற்கும்போது தான் மட்டும் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கவேண்டும். பச்சைக் காஞ்சிபுரத்தில் நேராக நின்று, மேடையைப் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் நிறுத்தும்வரை அம்மாவும் கைதட்டினார்.

வெளியில் ஸ்பெயின்காரர் பூச்செண்டுகளுக்கு நடுவில் நின்றார். என்னைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "கேட்டாயா? கேட்டாயா?" என்றார். கையேட்டைத் திறந்து காட்டினார். 'தமிழ் வரிகள்' என்று போட்டு என் பெயர் முழுதாக இருந்தது. அதை வாங்காமலே நான் காருக்கு நடந்தேன். காரில் அன்ரி வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று குரோருட் வரும்வரை கதைத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான் தாங்கமுடியாமல், "பிள்ளை, நல்ல பாட்டு. ஆற்றை கதை?" என்று, யாருடையது என்று தெரியாதவர்போலக் கேட்டார். அம்மா கார்க் கதவை அடித்துச் சாத்தினார்.

வீட்டுக்குள் போய் அம்மா கோட்டைக் கழற்றிக் கொழுவினார். கழுத்துத்துணியை மடித்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அந்தப் பெட்டை எவ்வளவு காலமா உதைப் பாடிப் பழகினவள்?"

"தெரியாதம்மா. ரெண்டு மூண்டு மாசம் இருக்கும்."

"அப்ப அவளுக்கு அண்டைக்கே தெரியும். பியானோக்காரனுக்குத் தெரியும். பின்னாலை நிண்டு பாடினவளுகள் எல்லாருக்கும் தெரியும்." மடித்து வைத்த கழுத்துத்துணியை எடுத்துத் திரும்ப மடித்தார். "எனக்கு இண்டைக்குத்தான்."

அவளுகளுக்கு அர்த்தம் தெரியாது அம்மா என்று சொல்லலாம்தான். சொல்லி என்ன. மருமகனைப் பற்றி அம்மா அன்று ஒரு சொல் கேட்கவில்லை. நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம், எப்படித் தொடங்குவது, எங்கே கையைப் பிடிப்பது என்று மாதக்கணக்காக ஒத்திகை பார்த்ததெல்லாம், ஒன்றும் தேவைப்படவில்லை. பிறகு நாங்கள் எத்தனையோ தடவை அதைக் கதைத்துவிட்டோம். ஆனால் ஒரு செய்தியை முதல் தடவை சொல்வது ஒருதரம்தான் நடக்கும். அதை அந்த மனிதர் எடுத்து மேடையில் ஏற்றிவிட்டார். புருசன் போனதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை. புருசன் எனக்குச் சொல்லிவிட்டாவது போனார்.

இதை எழுதத் தொடங்கும் முன் அம்மாவிடம் கேட்டேன். "எழுதன், இனி என்ன" என்றார். எழுதியதை முதலில் வாசித்ததும் அவர்தான். தங்கக்கம்பி என்று தான் சொன்னதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார், பிறகு பரவாயில்லை இருக்கட்டும் என்றார்.

நாடகம் நல்ல பெயர் எடுத்தது. ஒரு கிழமை கழித்து அவர் என் கதவைத் தட்டினார். கையில் ஒரு பூச்செண்டு, அவருக்கு வந்ததில் ஒன்று, இதழ்களின் ஓரம் கறுத்திருந்தது. நான் உள்ளே விடவில்லை. வாசலில் நிற்கவைத்தே கேட்டேன். பூதம் சாகும் என்று சொன்னீர்களே.

"பாட்டு எழுதுகிறவர் மூன்று தரம் எழுதினார். மூன்றும் செத்துப் பிறந்தன. உன்னுடையது உயிரோடு இருந்தது. நான் என்ன செய்ய?" என்றார். "ஒருவருக்கும் விளங்காது என்று நினைத்தேன்."

"அம்மாவைக் கூட்டி வரச் சொன்னது நீங்கள்."

அவர் தலை குனிந்தார். உண்மையாகவே வருந்துகிறார் என்று எனக்குப் பட்டது. தலையை நிமிர்த்தி, நாடகத்தை வேறு நகரங்களுக்கும் கொண்டுபோகக் கேட்கிறார்கள், அந்தப் பாட்டை இன்னும் நீட்டச் சொல்கிறார்கள், இரண்டாவது சரணம் வேண்டும் என்றார். பிறகு மிகவும் மெல்லிய குரலில், அன்று பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்ட அதே குரலில், "அம்மா கேட்டுவிட்டு என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

அந்தக் குரலை நம்பிப் பழகிய மனம் எனக்கு. சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். பூச்செண்டுக்குக் கீழே, கால்சட்டையின் மேல், விரல்கள் தட்டித் தட்டி மெட்டின் அளவு பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு நோர்வேஜிய மொழி முழுதும் மறந்துபோனது. "போங்கோ!" என்று தமிழில் கத்தினேன். "போங்கோ இஞ்சையிருந்து!"

"போங்கோ" என்று அவர் திருப்பிச் சொன்னார். இன்னொரு தடவை, கடைசி எழுத்தை நீட்டிச் சொல்லிப் பார்த்தார். "இது நன்றாக வாய் திறக்கிறது" என்றார்.

கதவைச் சாத்தினேன். படியில் இறங்கும்போது அதை அந்த மெட்டில் வைத்துப் பாடிக்கொண்டுதான் போனார்.